ஒன்பது தலைகள்

பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ரென்ஸ்கே கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள். மகன் யோரித்துக்கு ஒன்பது வயது முடிகிறது. அந்த ஊர் வழக்கத்தில் வயது எத்தனையோ அத்தனை பிள்ளைகள். அவனையும் சேர்த்து ஒன்பது பேர். இந்த ஒன்பது வால்களை ஒரு புதன்கிழமை மத்தியானம் எங்கே கொண்டுபோய் மேய்ப்பது என்பதுதான் கேள்வி. வீட்டில் முடியாது. மாடிக் குடியிருப்பு. ஒரு நாற்காலியை இழுத்தாலே கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் கூரையை இடிப்பார். போன வருடம் எட்டுப் பேர் வந்து திரைச்சீலைக் கம்பியில் தொங்கிப் பார்த்ததில், கம்பியும் சுவர்ப்பூச்சும் சேர்ந்து கேக்கின் மேல் விழுந்தன. அந்த வருடத்தோடு வீட்டு விருந்தே போதும் என்று ஆகிவிட்டது.

கணவன் வீபெ லாரி ஓட்டுபவன். வாரத்தில் நான்கு நாள் ஜெர்மனி, போலந்து என்று போய்விடுவான். போன மாதம்தான் காரின் வருடாந்தரப் பரிசோதனையில் பிரேக், டயர் என்று ஒரு பெரிய தொகை போயிருந்தது.

"நூறு யூரோ. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது, ரென்ஸ்," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான். அவன் கஞ்சனில்லை. இல்லாததை இல்லை என்று சொல்கிறவன், அவ்வளவுதான்.

அன்று மாலை பிள்ளை தூங்கியபின் சமையலறை மேசையில் கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். டிராம்போலின் கூடம், தலைக்குப் பத்தொன்பதரை. அதில் வழுக்காத காலுறைக்குத் தனிக்காசு. ஆட்டுப் பண்ணை, பதினைந்து. ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொடுத்துவிட்டு ஒரு அப்பம் தின்னலாம். பௌலிங், பதினேழு. கடைசியில் ஊர் நீச்சல் குளம்: தலைக்கு ஒன்பதரை யூரோ, இரண்டு மணி நேரம், முடிந்ததும் உணவகத்தில் ஃப்ரைஸ், மயோனைஸ், ஒரு டம்ளர் லெமனேட். ஒன்பது பேருக்கு எண்பத்தைந்தரை. நூறுக்குள் அடங்கி, கேக்குக்கும் மிச்சம்.

யோரித்தும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் பொருந்தி வந்தது. கீழே சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியைத் தவிர. 'ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வீதம், நீச்சல் உடையில், தண்ணீருக்குள் இருக்க வேண்டும். எங்கள் பொறுப்பாளர் வேண்டுமென்றால் தலைக்கு ஆறு யூரோ கூடுதல்.'

ஆறு ஒன்பது ஐம்பத்து நாலு. கூட்டினால் நூற்று முப்பத்தொன்பதரை. அதைத் தாளில் எழுதிப் பார்த்தாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். எழுதினால் குறையுமா?

ரென்ஸ்கேக்குத் தண்ணீர் என்றால் பயம். பயம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடக் கூடாது. இருபத்தொன்பது வருடமாக முழங்காலுக்கு மேல் நனைய விட்டதில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை. பாதி நாடு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற இடத்தில், தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடுகிற ஊரில், தண்ணீருக்குப் பயம் என்று எந்த வாயால் சொல்வது? அங்கே பிள்ளைகள் ஐந்து வயதானதும் நீச்சல் வகுப்புக்குப் போகும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் போய்ச் சான்றிதழ் வாங்கும். அந்தத் தேர்வில் உடுப்பும் சப்பாத்தும் போட்டபடியே நீந்த வேண்டும். வாய்க்காலில் விழுகிறவன் உடை மாற்றிக்கொண்டா விழுகிறான் என்பது அந்த ஊர் நியாயம். பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்ட தார்ப்பாய்க்கு முன் மூழ்கி, அதன் நடுவிலுள்ள ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய் எழ வேண்டும்.

ஏழு வயது ரென்ஸ்கே அந்த ஓட்டையைத் தவறவிட்டாள். தார்ப்பாயின் ஒரு ஓரம் அவிழ்ந்து தண்ணீரின்மேல் விரிந்து கிடந்தது; அதற்கு அடியில் போய் எழுந்தாள். தலைக்கு மேல் நீலத் துணி. முட்டினாள், நகர்ந்தாள், மறுபடி முட்டினாள். யாரோ கம்பால் இழுத்து வெளியே போட்டார்கள். அடுத்த மாதம் கண்ணை மூடிக்கொண்டு தேர்வை முடித்தாள். சான்றிதழை அம்மா சட்டம் போட்டு மாட்டினாள். அன்றோடு ரென்ஸ்கே தண்ணீரைத் தலைமுழுகிவிட்டாள்.

இப்போது ஐம்பத்து நாலு யூரோவுக்காக அதே தண்ணீரில் இறங்க வேண்டும். பதிவுப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரல் வெகுநேரம் சில்லென்று இருந்தது.

மறுநாள் தம்பி ஹார்மனை அழைத்தாள்.

"டேய், இருபதாம் தேதி புதன்கிழமை மத்தியானம் லீவு போடுறியா?"

"எதுக்கு? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"வாயக் கழுவு. யோரித் பிறந்தநாள். நீச்சல் குளம். ரெண்டு பெரியவங்க தண்ணிக்குள்ள இருக்கணுமாம்."

"ஃப்ரைஸ் உண்டா?"

"உண்டு."

"அப்ப லீவு போட்டாச்சு. ஆமா, இன்னொரு பெரியவங்க யாரு? நீயா? மழை பெஞ்சாலே வீட்டுக்குள்ள ஓடுற ஆளு நீ!"

"நான்தான். ஏன், எனக்கென்ன?" என்றாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

பிறகு வகுப்புப் பெற்றோரில் எட்டுப் பேருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி எழுதினாள்: 'நீச்சல் குளத்தில் விருந்து! எல்லாருக்கும் நீச்சல் சான்றிதழ் இருக்குதானே? இருக்குன்னா ஒரு கட்டைவிரல் போடுங்க.' பத்து நிமிடத்தில் ஏழு கட்டைவிரல்கள் நிமிர்ந்து நின்றன. எட்டாவது வரவில்லை. அது அனூக்கின் அம்மாவுடையது; அவள் பெயர் காரின். அனூக் யோரித்துக்குப் பக்கத்து இருக்கை. வாய் திறந்து பேசாத, பென்சிலை மட்டும் தாராளமாகக் கடன் கொடுக்கிற பெண். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தக் கட்டைவிரலும் வந்தது. ரென்ஸ்கே அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். தான் கேட்ட கேள்வியிலேயே பதிலையும் வைத்துத்தான் கேட்டோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. இருக்குதானே என்று ஊர் முன்னால் கேட்டால், இல்லை என்று எவள் சொல்லுவாள்?

இருபதாம் தேதி காலையிலிருந்தே தூறல். பன்னிரண்டரைக்குப் பள்ளி விட்டது. அவள் காரிலும் ஹார்மனின் காரிலும் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போனார்கள். குளத்தின் கதவைத் திறந்ததும் குளோரின் வாடை முகத்தில் அடித்தது. ரென்ஸ்கேக்கு ஏழு வயது ஆகிவிட்டது.

நுழைவுச் சீட்டு கொடுக்கிற பெண் எழுந்து கை நீட்டினாள். "வாழ்த்துகள்! பையன் பிறந்தநாளா? மாமாவா நீங்க? மாமாவுக்கும் வாழ்த்துகள்!" அங்கே அப்படித்தான். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் அம்மா, மாமா, அத்தை, நாய்க்குட்டி வரைக்கும் வாழ்த்து உண்டு.

"எல்லாருக்கும் சான்றிதழ் இருக்கில்ல?" என்று கேட்டாள் அந்தப் பெண். "இல்லாத பிள்ளைங்க இருந்தா சொல்லுங்க. காத்துக் கைப்பட்டை தரோம். அதுக்குக் காசு இல்ல."

"எல்லாருக்கும் இருக்கு," என்றாள் ரென்ஸ்கே. ஒரு தாளில் கையெழுத்தும் போட்டாள்.

உள்ளே கூரை உயரமாக, சத்தம் எதிரொலித்துக் கிடந்தது. இந்தப் பக்கம் முழங்கால் அளவு வெந்நீர்க் குட்டை, சின்னப் பிள்ளைகளுக்கு. அந்தக் கோடியில் சறுக்குக் குழாய். நடுவில் பெரிய குளம். ஒரு முனையில் இடுப்பளவு, மறுமுனையில் இரண்டு மீட்டர். ஆழமான பக்கத்தில் ஏறி விளையாட ஒரு பெரிய நுரைப்பாய் மிதந்துகொண்டிருந்தது. அதுவும் நீலம். ரென்ஸ்கே அதைப் பார்த்தாள், பிறகு அந்தப் பக்கமே பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

பிள்ளைகள் ஹார்மனின் மேல் ஏறி விழுந்தார்கள். அவன் ஒரு திமிங்கிலத்தைப் போல நீரை ஊதிக்கொண்டு அவர்களைத் துரத்தினான். ரென்ஸ்கே கடன் வாங்கிய நீச்சல் உடையில் வயிற்றை அணைத்துக்கொண்டு குட்டையின் படியில் நின்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று… நனைந்த தலைகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டு.

"நான் இங்க இருக்கேன், யோரித் அம்மா," என்றது காலடியிலிருந்து ஒரு குரல்.

அனூக் குட்டையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, காதோரத்து முடி ஒன்றுகூட நனையாமல்.

"நீ அங்க போகலையா, கண்ணு?"

"குளிருது."

வெந்நீர்க் குட்டையில் உட்கார்ந்துகொண்டு அக்கரை குளிர்கிறது என்றால் நம்புகிற மாதிரிதான் இருந்தது. ரென்ஸ்கே பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி: ஒரு பிள்ளை இங்கே இருக்கிறது, அதற்குத் துணையாக ஒரு பெரியவள் இங்கே இருக்கத்தானே வேண்டும்? யாரும் குறை சொல்ல முடியாது. குளத்திலிருந்து ஹார்மன் கத்தினான்.

"அக்கா! இறங்கு அக்கா! தண்ணி உன்னக் கடிக்காது!"

"அனூக்குக்குத் துணைக்கு இருக்கேன்டா!"

அனூக் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்களுக்கும் ஆழம் பிடிக்காதா?"

"பிடிக்குமே. எல்லாரையும் பாத்துக்கணும்ல, அதான் இங்க இருக்கேன்."

"ஓ."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் காலால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கூரைக் கண்ணாடியில் தூறல் வழிந்தது.

"அந்தத் துணியில ஓட்டை வழியா போகணும்ல," என்றாள் அனூக் மெதுவாக. "உள்ள இருட்டா இருக்குமா?"

"ரொம்ப இல்ல. நீலமா இருக்கும்…" என்று சொல்லத் தொடங்கிய ரென்ஸ்கேக்கு வாய் அப்படியே நின்றது. சான்றிதழ் வாங்கிய பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே? அந்த ஓட்டைக்குள் போகாமல் யாருக்கும் சான்றிதழ் கிடையாதே?

"நீயும்தானே போயிருக்க?"

அனூக்கின் கன்னம் சிவந்தது. "ஆமா. மறந்துபோச்சு."

மறக்கிற விஷயமா அது? இருபத்தொன்பது வருடமாக ஒருத்தி அதை மறக்க முடியாமல் செத்துக்கொண்டிருக்கிறாள். ரென்ஸ்கேக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கணமே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. எழுந்துபோய் வாசலில் கைப்பட்டை கேட்டிருக்கலாம். காசுகூட இல்லை. ஆனால் கேட்டால் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றிப் பேச்சு வரும். பிள்ளைகள் அனூக்கைப் பார்த்து, குட்டிப் பாப்பா கைப்பட்டை என்று சிரிக்கும். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லி, ரென்ஸ்கேயையும் சேர்த்துக் குளத்தில் இறக்கிவிடுவார்கள். பிள்ளைதான் குட்டையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறதே, இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இப்போது இரண்டு பேரின் கனம் இருந்தது.

மூன்றேகாலுக்கு மேல் அவளால் தண்ணீரில் உட்கார முடியவில்லை. "ஃப்ரைஸ் சொல்லணும், மேசை போடணும். நான் போய் உடுத்திக்கறேன்," என்று ஹார்மனிடம் கத்தினாள். அனூக்கின் தோளைத் தொட்டாள். "நான் வர்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. சரியா?"

"சரி, யோரித் அம்மா."

உடை மாற்றும் அறையில் ஜீன்ஸ், கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, சப்பாத்து எல்லாவற்றையும் வேக வேகமாக மாட்டினாள். உலர்ந்த துணி உடம்பில் பட்டதும் அழுகை வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தாள். உணவகத்தில் ஒன்பது ஃப்ரைஸ் சொன்னாள். பிறகு வாசலில் வைத்திருந்த நீல நிறப் பிளாஸ்டிக் உறையைச் சப்பாத்தின் மேல் மாட்டிக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிடக் குளத்தடிக்கு வந்தாள்.

குட்டை காலியாக இருந்தது.

ஒரு நொடி அவள் எதையும் நினைக்கவில்லை. பிறகு பார்த்தாள். பெரிய குளத்தின் அந்த முனையில், ஆழமான பக்கத்துக் கரையில், பிள்ளைகள் வரிசையாகக் கைகோர்த்து நின்றார்கள். எதிரே தண்ணீருக்குள் ஹார்மன், நீர் புகாத உறையில் போனை உயர்த்திப் பிடித்தபடி. யோரித் நடுவில். அவன் இடது கையில் அனூக்கின் கை.

"எல்லாரும் குதிச்சாத்தான் ஒன்பது! அப்பத்தான் படம் சரியா வரும்!" யோரித்தின் குரல் கூரையில் மோதி வந்தது. "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

"யோரித்!" என்று கத்தினாள். "வேணாம்! நிறுத்து!"

நாற்பது பிள்ளைகள் கூச்சலிடுகிற கூடத்தில் ஒருத்தியின் கத்தல் எங்கே கேட்கும்? வரிசையில் இருந்த மற்றவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். "நாலு! அஞ்சு! ஆறு!" அவள் ஓடினாள். ஈர ஓடு, பிளாஸ்டிக் உறை. கால் வழுக்கி முழங்கால் தரையில் மோதியது. எழுந்தாள். "ஏழு! எட்டு!"

அனூக் அவளைப் பார்த்துவிட்டாள். வரிசையில் அவள் ஒருத்திதான் கேமராவைப் பார்க்காமல் இந்தப் பக்கம் பார்த்தாள். இடத்தை விட்டு அசைந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற முகம்.

"ஒன்பது!"

குதித்தார்கள். தண்ணீர் கரைக்கு மேல் எழுந்து விழுந்தது. ஒரு தலை வந்தது. இரண்டு, மூன்று. சிரித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு. ஐந்து, ஆறு. யோரித்தின் செம்பட்டை முடி, ஏழு. எட்டு.

எட்டு.

கரையில் நின்ற உயிர்காப்புப் பெண் விசில் ஊதியதும் ரென்ஸ்கே குதித்ததும் ஒன்றாக நடந்தது. கோட்டு, சப்பாத்து, கைப்பை எல்லாவற்றோடும். குதிக்கிறோம் என்று தெரிந்திருந்தால் அவள் குதித்திருக்க மாட்டாள். தண்ணீர் காதை அடைத்தது. கண்ணைத் திற, திற, திற என்று யாரோ உள்ளே கதறினார்கள். திறந்தாள். எல்லாம் நீலம். எத்தனையோ கால்கள். அவற்றுக்குக் கீழே, ஒரு சிவப்பு நீச்சல் உடை மெல்ல, சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கை கால் உதறவில்லை. வாய் திறந்திருந்தது.

கோட்டின் கனம் அவளைக் கீழே இழுத்தது; அந்த ஒரு தடவை அது உதவியாகப் போயிற்று. பிள்ளையின் மேல்கையைப் பிடித்தாள். அடித்தரையில் சப்பாத்து பட்டதும் உதைத்து, இரண்டு கையாலும் மேலே தள்ளினாள். மேலிருந்து இன்னொரு கை வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டது. ஹார்மனின் கை, முழங்கையில் இருந்த பச்சை குத்திய கோழி தெரிந்தது. போய்விட்டாள், மேலே போய்விட்டாள்.

பிறகு ரென்ஸ்கே எழுந்தாள், தலை எதிலோ முட்டியது.

மேலே நுரைப்பாய். கையால் தள்ளினாள். பிள்ளைகள் பயத்தில் அதன்மேல் ஏறியிருந்தார்கள், அசையவில்லை. நகர்ந்து மறுபடி எழுந்தாள், முட்டியது. மூச்சு இல்லை. இவ்வளவுதானா, இருபத்தொன்பது வருடம் கழித்து என்னைக் கூட்டிப்போகத்தான் வந்தாயா என்று அந்த நீலத்திடம் கேட்டாள். அப்போது இன்னொரு நினைப்பு வந்தது. பிள்ளை மூச்சு விடுகிறதா என்று தெரியாது. தெரியாமல் சாகக் கூடாது. கையைப் பாயின் அடியில் வைத்து, ஒரே பக்கமாகத் தடவிக்கொண்டே போனாள். ஓரம் வந்தது. வெளிச்சம் வந்தது.

கரையில் அனூக் குப்புறக் கிடந்தாள். உயிர்காப்புப் பெண் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். ரென்ஸ்கே கரையைப் பிடித்துக்கொண்டு அந்த முதுகையே பார்த்தாள். அசை. கண்ணு, அசை. பிள்ளை ஒரு குமட்டுக் குமட்டி, வாய் நிறையத் தண்ணீரைக் கக்கி, பெருங்குரலெடுத்து அழுதது. அவ்வளவு இனிமையான சத்தத்தை ரென்ஸ்கே கேட்டதே இல்லை.

"நாந்தான் எல்லாருக்கும் சான்றிதழ் இருக்குன்னு சொன்னேன்," என்று உயிர்காப்புப் பெண்ணிடம் சொன்னாள். பற்கள் தந்தியடித்தன. "கையெழுத்துப் போட்டது நான்."

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள், விரலில் கருவி மாட்டிப் பார்த்தார்கள். நுரையீரல் சுத்தம் என்றார்கள். ஆனாலும் இன்று ராத்திரி மணிக்கு ஒருதரம் மூச்சைப் பார்க்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். காரினை நாலு தடவை அழைத்தாயிற்று. அவள் ஏதோ அலுவலகத்தில் துப்புரவு வேலை. வேலை நேரத்தில் போனை அணைத்துவிடுவாளாம்.

உணவகத்தில் ஃப்ரைஸ் ஆறிக் கிடந்தது. பிள்ளைகள் ஓசையில்லாமல் தின்றார்கள். ஹார்மன் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தான் அக்கா, அனூக்கக் கூப்பிட்டு வான்னு யோரித்துகிட்ட சொன்னேன். ஒன்பது பேரும் படத்துல வரட்டும்னு…"

"உனக்குத் தெரியாதுடா," என்றாள். எனக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. யாரோ விட்டுப்போன துணிகளைப் போட்டு வைக்கும் பெட்டியிலிருந்து எடுத்த பெரிய கால்சட்டையில் உட்கார்ந்து, மேசையைச் சுற்றி எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். எண்ணுவதை நிறுத்த முடியவில்லை.

நாலரைக்குப் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். காரின் மழையில் சைக்கிளில் வந்தாள். மெலிந்த, அவசரமான பெண். உள்ளே வந்ததும் வழக்கப்படி கையை நீட்டினாள்.

"வாழ்த்துகள், ரென்ஸ்கே. பையனுக்கு…" அதற்குள் கம்பளியில் சுற்றிய மகளைப் பார்த்துவிட்டாள்.

ரென்ஸ்கே சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், குதித்தது வரை, மருத்துவத் தாள் வரை சொன்னாள். காரின் பாதியிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மகளின் முடியை விரலால் கோதிக்கொண்டே இருந்தாள்.

"பத்து வகுப்பு போனா," என்றாள் யாரையும் பார்க்காமல். "அப்புறம் இவ அப்பா போயிட்டாரு. முழுசா முடிக்க ஆயிரம் யூரோ கிட்ட ஆகும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு… நீங்க இருக்குதானேன்னு கேட்டிருந்தீங்க. ராத்திரி பூரா போனக் கையில வச்சுக்கிட்டே இருந்தேன். இந்த வருஷம் இவளுக்கு வந்த ஒரே அழைப்பு இதுதான். தண்ணிகிட்ட போகாம ஓரமா உக்காந்திருன்னு சொல்லி அனுப்பினேன். நான் போட்ட கட்டைவிரல்தான், எம்பொண்ண…"

இங்கே ரென்ஸ்கே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். குற்றம் முழுவதையும் அந்தப் பெண்ணே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டிருந்தால், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"எனக்குத் தெரியும், காரின்."

"என்ன?"

"ரெண்டரை மணிக்கே தெரியும். உள்ள இருட்டா இருக்குமான்னு கேட்டா. அப்பவே புரிஞ்சுபோச்சு. நான் சொல்லல. சொன்னா நானும் இறங்கணும். எனக்குத் தண்ணின்னா பயம்."

காரின் அவளைப் பார்த்தாள். "தெரிஞ்சுமா?"

ரென்ஸ்கே தலையாட்டினாள்.

காரின் எழுந்தாள். மகளுக்குக் கோட்டை மாட்டினாள். பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டாள். இரண்டாவது பொத்தான் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கே நின்றாள்.

"எத்தன மணிக்கொரு தடவ பாக்கணும்னு சொன்னாங்க?"

"ஒரு மணிக்கு ஒரு தடவ. தாள்ல எழுதியிருக்கு."

"பாத்துட்டு எழுதறேன்," என்றாள் காரின். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ரென்ஸ்கேயும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, யோரித்தைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, சோபாவில் ஒரு போர்வைக்குள் கிடந்தாள். அவளுடைய போன் கைப்பையோடு குளத்தில் மூழ்கிச் செத்துப்போயிருந்தது. ஹார்மன் தன் பழைய போனில் அவளுடைய சிம் அட்டையைப் போட்டுக் கொடுத்திருந்தான். ஏழு மணிக்கு அதில் ஒரு செய்தி வந்தது. 'தூங்கறா. மூச்சு சீரா இருக்கு.' எட்டு மணிக்கு இன்னொன்று. 'சீரா இருக்கு.' ஒவ்வொன்றையும் ரென்ஸ்கே நாலைந்து தடவை படித்தாள்.

எட்டேகாலுக்கு வீபெ அழைத்தான். நெடுஞ்சாலையின் இரைச்சல், நல்ல மனநிலையில் இருந்தான்.

"என்ன, ரென்ஸ், விருந்து ஜோரா முடிஞ்சுதா? எவ்வளவு ஆச்சு? நூறுக்குள்ள அடங்கிச்சா?"

ரென்ஸ்கேயிடம் அந்த நேரத்தில் ஒரே ஒரு எண்தான் இருந்தது.

"ஒன்பது," என்றாள்.

"ஒன்பது யூரோவா?" சிரித்தான். "உன்ன மாதிரி சிக்கனக்காரி இந்த நாட்டுலயே கிடையாதுடி!"

"ஒன்பது பேர், வீபெ. கூட்டிட்டுப் போன ஒன்பது பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

வீபெயின் சிரிப்பு நின்றது. லாரி ஓரம் கட்டுவதும், பிறகு எஞ்சின் அணைவதும் கேட்டது.